மூளைக் கட்டிக்கு உடந்தையான புரதம்! கம்ப்யூட்டர் காட்டிக் கொடுத்தது

முப்பது வயது வாலிபர். வேலைக்குப் புறப்படும் நேரத்தில் திடீரென்று வலிப்பு. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் மூளையில் கட்டி!

"குடி இல்லை, சிகரெட் இல்லை. எம் புள்ளைக்கு ஏன் இப்படி?" என்று பெற்றவர்கள் கதறுவார்கள். டாக்டர்களிடம் பதில் இருக்காது.

இந்த மர்மத்தில் முக்கியமான துப்பு 2008-ம் ஆண்டு கிடைத்தது. இடம், அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம்.

22 பேரின் கட்டிகள்

'கிளியோபிளாஸ்டோமா' என்ற கொடிய மூளைக் கட்டி வந்த 22 பேரின் கட்டிகளை விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். ஒவ்வொன்றிலும் 20 ஆயிரத்து 661 ஜீன்கள் எழுத்து எழுத்தாகப் படிக்கப்பட்டன.

மனிதர் உட்கார்ந்து சரிபார்த்தால் ஆயுள் போதாது. அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்தது. பிறவியிலேயே உள்ள வித்தியாசங்களைத் தள்ளியது. தற்செயலான பிழைகளைக் கணக்குப் போட்டு ஒதுக்கியது.

கடைசியில், யாருமே சந்தேகப்படாத ஒரு புரதம் மாட்டியது. அதன் பெயர் ஐ.டி.எச்.1.

அதே இடத்தில் கோளாறு

இது செல்லுக்குள் சத்தைப் பக்குவப்படுத்தும் சாதுவான வேலைக்காரன். 414 மணிகள் கோத்த மாலை போன்றது. கோளாறு இருந்த கட்டிகளில் எல்லாம் 132-வது மணிதான் மாறி இருந்தது!

ஒரே வீட்டுப் பூட்டு மட்டும் திரும்பத் திரும்ப உடைந்தால் அது தற்செயலா?

மேலும் பலருடைய கட்டிகளைச் சேர்த்து 149 கட்டிகளைப் பார்த்ததில், 18-ல் இந்தக் கோளாறு இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் இளவயதினர். மற்றவர்களைவிட அவர்கள் அதிக காலம் உயிர் வாழ்ந்ததும் தெரிந்தது.

அது செய்யும் சேட்டை 2009-ல் வெளிவந்தது. மாறிப்போன புரதம், '2-ஹைட்ராக்சி குளூட்டரேட்' என்ற வேண்டாத பொருளைத் தயாரித்துக் குவிக்கிறது. அதனால் ஜீன்களின் 'சுவிட்சு'கள் கெடுகின்றன. செல் முதிர்ச்சி அடையாமல் பெருகிக்கொண்டே போகிறது. மெதுவாக வளரும் மூளைக் கட்டிகள் பலவற்றிலும் இதே கோளாறு இருப்பது அந்த ஆண்டே தெரியவந்தது.

மாத்திரை வந்தது

ஆள் தெரிந்துவிட்டது, கைவிலங்கு வேண்டாமா? 'வோராசிடெனிப்' என்ற மாத்திரை தயாரானது. மெதுவாக வளரும் கட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்ட 331 பேரிடம் அது சோதிக்கப்பட்டது. முடிவு 2023-ல் வெளியானது.

வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 11 மாதத்தில் நோய் முற்றியது. மருந்து சாப்பிட்டவர்களுக்கோ 27 மாதத்துக்கு மேல் தள்ளிப்போனது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

இது நோயை அடியோடு போக்கும் மருந்து அல்ல. கோளாறு உள்ள கட்டிக்குத்தான் கேட்கும். ஆகவே கட்டியை எடுத்த பிறகு, "ஐ.டி.எச். டெஸ்ட் பண்ணியாச்சா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

பெற்றவர்களுக்கும் ஓர் ஆறுதல். இந்தக் கோளாறு பெரும்பாலும் பரம்பரையாக வருவது அல்ல. பிறந்த பிறகு மூளையின் ஏதோ ஒரு செல்லில் நேர்ந்துவிடுவது. அது யார் செய்த பாவமும் இல்லை!