விற்ற பொருளைத் திரும்பப் பெற கடைக்காரர் மறுக்கலாமா? சட்டம் சொல்வது என்ன?

பெங்களூரு: "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வாசகத்தை ரசீதில் கண்டதும், பழுதான பொருளைக் கூடத் திருப்பித் தர இயலாது எனப் பலர் எண்ணிவிடுகின்றனர். சிக்பேட்டை துணிக்கடையில் வாங்கினாலும், இணைய வணிகத் தளத்தில் வாங்கினாலும், நுகர்வோரின் உரிமையை முடிவு செய்வது அந்த வாசகம் மட்டுமல்ல.

குறைபாடு இருந்தால்...

2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறையாக வரையறுக்கிறது. ரசீதில் குறிப்பிட்ட கால வரம்புக்குள் இதைச் செய்ய வேண்டும். கால வரம்பு குறிப்பிடப்படவில்லை எனில், 30 நாட்களுக்குள் செய்ய வேண்டும். பொருளை ஒருமுறை பயன்படுத்திய பிறகே பழுது தெரிய வந்தது என்பதால் மட்டும் இந்த உரிமை பறிபோவதில்லை.

மனம் மாறினால்...

நிறம் பிடிக்கவில்லை, வேறு கடையில் விலை குறைவு போன்ற காரணங்களுக்காகப் பொருளைத் திருப்பித் தரும் பொதுவான உரிமையை இச்சட்டம் வழங்கவில்லை. அது முழுக்கக் கடையின் விதிமுறையைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இணையம் வழியாக வாங்கும் பெரும்பாலான பொருட்களைக் காரணம் கூறாமலேயே 14 நாட்களுக்குள் திருப்பித் தரலாம். இந்தியாவில் அத்தகைய சட்டம் இல்லை. எனவே பணம் செலுத்தும் முன்பே கடையின் விதியைக் கேட்டறிவது அவசியம்.

இணையத்தில் வாங்கியவர்களுக்கு...

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாகவோ, போலியாகவோ, விளம்பரத்துக்கு மாறாகவோ இருந்தால் விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. குறித்த நாளுக்குப் பின் தாமதமாக வந்தாலும் இது பொருந்தும். இயற்கைச் சீற்றம் போன்ற தவிர்க்க முடியாத காரணத்தால் நேர்ந்த தாமதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

எங்கே முறையிடுவது?

முதலில் கடைக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் அளித்து, அதன் நகலை வைத்துக்கொள்ள வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதன் பின்னரும் பயனில்லை எனில், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பெங்களூருவில் சாந்திநகர் பிஎம்டிசி வளாகத்தில் இவ்வாணையம் இயங்குகிறது.

பொருளுக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை. பொருளை வெளியூரில் வாங்கியிருந்தாலும், வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். ஆனால் பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும்.

பெங்களூரு நகர மாவட்ட ஆணையம் 2023 ஜனவரியில் அளித்த உத்தரவு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பணம் செலுத்தியும் கைப்பேசி வந்து சேராத வழக்கில், 12,499 ரூபாயை 12 சதவீத வட்டியுடன் திருப்பித் தருவதோடு, 20,000 ரூபாய் அபராதமும், 10,000 ரூபாய் வழக்குச் செலவும் வழங்குமாறு ஃபிளிப்கார்ட் நிறுவனத்துக்கு ஆணையம் உத்தரவிட்டது.

ரசீது, உத்தரவாத அட்டை, பழுதைக் காட்டும் புகைப்படம், கடையுடன் நடந்த தகவல் பரிமாற்றம் ஆகியவையே இத்தகைய வழக்குகளில் முக்கியச் சான்றுகள். ஆகவே, ரசீது இன்றிப் பொருள் வாங்குவதைத் தவிர்ப்பது நல்லது.