வடக்கிலிருந்து வரும் விருந்தினர்

நம் மலேசியத் திருநாட்டில் இலையுதிர் காலம் என்பது கிடையாது. அக்டோபர், நவம்பர்த் திங்களில் மழை மிகுவதையே நாம் காண்கிறோம். எனினும், வடக்கே சைபீரியா, சீனம், ஜப்பான் முதலிய இடங்களில் இலைகள் உதிர்ந்து குளிர் ஏறுவதை நம் ஊர் மின்கம்பிகளைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். அக்கம்பிகளில் வரிசையாக அமர்ந்திருக்கும் தகைவிலான் குருவிகளே அச்செய்தியைக் கொணர்வன.

மலாய் மொழியில் 'லாயாங்-லாயாங்' எனப்படும் இச்சிறு பறவையின் எடை ஏறத்தாழ 20 கிராமே. பறக்கும் பூச்சிகளே இதன் உணவு. குளிர் வந்தால் வடக்கே பூச்சிகள் மறைந்துவிடும். ஆகவே, குளிரைக் காட்டிலும் பசியே இதனைத் தெற்கு நோக்கித் துரத்துகிறது எனலாம். பகலில் பறந்தவாறே பூச்சிகளைப் பிடித்து உண்டு, பல்லாயிரம் கல் தொலைவைக் கடந்து வருகிறது. பகாங் மாநிலத்துப் பெந்தோங் நகரில் மாலை வேளையில் இவை ஆயிரக்கணக்கில் கம்பிகளில் வந்து அடைவது கண்கொள்ளாக் காட்சியாகும். கீழே நிறுத்தப்பட்ட வண்டிகளின் நிலை வேறு!

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஆண்டு முழுதும் நம் நாட்டிலேயே வாழும் தகைவிலான் வகையும் ஒன்று உண்டு. விருந்தாளியின் மார்பில் கரும்பட்டை ஒன்று இருக்கும், வயிறு வெண்மையாயிருக்கும். உள்ளூர்ப் பறவைக்கு அப்பட்டை இல்லை. வயிறு சாம்பல் படிந்தது. வாலின் நீளத்தை மட்டும் நம்புதல் கூடாது. புதிதாய் வந்த இளம் பறவைகளுக்கு வால் குறுகியே காணப்படும்.

நம் பள்ளித் திடலின் வேலியில் தனியே அமர்ந்து, 'கறகற'வெனக் கத்தும் பறவையைப் பலரும் கண்டிருப்பீர்கள். அது பழுப்புக் கீச்சான். கண்ணை மறைத்துக் கட்டிய திருடனின் கறுப்புத் துணி போன்ற பட்டையும், நுனி வளைந்த அலகும் அதன் அடையாளங்கள். வெட்டுக்கிளியையும் சிறு ஓணானையும் பாய்ந்து பிடிக்கும். இரவில் பயணம் செய்யும் இது, வந்தவுடன் ஓர் இடத்தைத் தனக்கென வரித்துக்கொண்டு பிற கீச்சான்களை விரட்டும். சென்ற ஆண்டு தங்கிய அதே இடத்திற்கு இவற்றுட் பல மீண்டும் வருவதை, காலில் வளையமிட்டு ஆராய்ந்தோர் கண்டறிந்துள்ளனர். நமக்கு அது வெறும் புதர். கீச்சானுக்கோ கடல் கடந்து தேடி வரும் வீடு. திடலைத் துப்புரவு செய்யும்பொழுது ஓரத்துப் புதர் ஒன்றையேனும் விட்டுவைத்தால், அது ஏமாற்றமடையாது.

மழை நின்ற காலையில் திடலில் சில அடிகள் ஓடுவதும், சட்டென நிற்பதும், குனிந்து கொத்துவதுமாக இருப்பது பொன்னிற உப்புக்கொத்தி. சைபீரியாவின் வடகோடியில், மரமே இல்லாத சமவெளியில் பிறந்த பறவை அது! கோல சிலாங்கூர் போன்ற கடற்கரை ஊர்களில் வாழ்வோர் சேற்று நிலங்களில் உள்ளான் வகைகளையும் காணலாம். நீர் ஏறும் வேளையே அதற்கு ஏற்றது. அப்பொழுது அவை கரையருகே ஒதுங்கும்.

உண்டிவில்லை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு குறிப்பேட்டுடன் வெளியே செல்லுங்கள். பறவையின் பெயர் தெரியாவிடினும் கவலையில்லை. கண்ட நாள், இடம், நிறம், எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். கீச்சான் முதன்முதல் வேலிக்கு வந்த நாளைத் தவறாமல் குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டு அந்த நாளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.