வழி தவறிய கரு

வாழைக்காயை நறுக்கி வைத்துவிட்டு வேறு காரியம் பார்த்து வருவதற்குள் அது கறுத்துப் போகிறது. இது காற்றிலுள்ள பிராணவாயுவின் வேலை. மோர் கலந்த தண்ணீரில் போட்டால் அவ்வளவாகக் கறுக்காது என்பதை நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு எந்த ரஸாயன ஆசிரியரும் கற்பித்ததில்லை. (என் வகுப்புப் பிள்ளைகள் துருப்பிடித்த ஆணியைவிட இந்த வாழைக்காயையே நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.)

நம் உடலினுள்ளும் பிராணவாயு செலவாகும்போது சில முரட்டு அணுத்துணுக்குகள் பிறக்கின்றன. வைட்டமின் ஸி, வைட்டமின் ஈ, குளுடாதியோன் முதலிய பொருள்கள் அவற்றை அடக்கி வைக்கின்றன. துணுக்குகள் மிகுந்து காவல் குன்றும் நிலையையே ஆக்ஸிஜனேற்ற நெருக்கடி என்கிறார்கள். பெண்களுக்கு நேரும் ஒரு பேராபத்தில் இதற்கும் பங்கு உண்டோ என்பது இன்று ஆராய்ச்சியாளரின் ஐயம்.

கருப்பைக்கு இருபுறமும் இரண்டு மெல்லிய குழல்கள் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியப் பண்டிதர் ஃபலோப்பியோ இவற்றை விவரித்தார். கரு உண்டாவது இந்தக் குழலில்தான். உட்சுவரிலுள்ள நுண்ணிய மயிரிழைகள் அசைந்தும், தசை சுருங்கி விரிந்தும் அதைச் சில நாட்களில் கருப்பைக்குக் கொண்டு சேர்க்கின்றன. பயணம் தடைப்பட்டால் கரு குழலிலேயே வேரூன்றிவிடுகிறது. நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டு இவ்வாறு இடம் மாறுகின்றன. அவற்றில் 90 சதவிகிதத்துக்கு மேல் குழலிலேயே தங்குபவை.

கிளாமிடியா போன்ற தொற்று நோய்களும் புகையிலையும் இதற்குக் காரணங்கள் என்பது தெரிந்ததே. இரண்டுமே முரட்டுத் துணுக்குகளைப் பெருக்குபவை. அழற்சி கண்ட இடத்தில் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவும் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அளவோடு இருந்தால் குழலின் தசையைத் தளர்த்தி உதவும் அதுவே, மிஞ்சினால் தசையை ஓயச் செய்து மயிரிழைகளுக்கும் ஊறு செய்யக்கூடும். ஆனால் நெருக்கடியால் கரு தங்கிற்றா, கரு தங்கியதால் நெருக்கடி வந்ததா என்பது தீர்ந்தபாடில்லை. ஆகையால் வைட்டமின் மாத்திரை விழுங்கி இதைத் தடுத்துவிடலாம் என்று விளம்பரம் செய்வோரை நம்ப வேண்டாம். பாதிப் பேருக்கு அறியப்பட்ட காரணம் ஒன்றுமே இருப்பதில்லை.

தள்ளிப்போன மாதவிலக்கு, அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, சிறிது உதிரப்போக்கு: இவையே முதல் அறிகுறிகள். "வாயுப் பிடிப்பு" என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்துக் காலம் கடத்துகிறோமே, அங்கேதான் ஆபத்து! குழல் வெடித்தால் இரத்தம் வயிற்றினுள்ளேயே பெருகும். வெளியே அதிகம் தெரியாது. அது உதரவிதானத்தை உறுத்துவதால் தோள்பட்டை நுனியில் வலி தோன்றும். வயிற்று நோய்க்குத் தோளில் வலி என்றால் யார்தான் சந்தேகிப்பார்கள்? மயக்கமும் கண்டால் ஒரு நாழிகைகூடத் தாமதிக்கலாகாது.

ஒரு காலத்தில் வெடித்த குழல் பெரும்பாலும் மரணம்தான். 1883-இல் பர்மிங்ஹாமில் லாஸன் டெய்ட் என்ற ரண வைத்தியர் குழலை அகற்றி உயிரைக் காக்க வழி கண்டார். இன்றோ இரத்தப் பரிசோதனையாலும் அல்ட்ராஸவுண்ட் கருவியாலும் வெடிக்குமுன்பே கண்டுகொள்கிறார்கள். கரு சிறிதாயிருந்தால் மெதோட்ரெக்ஸேட் ஊசியே பலருக்குப் போதுமானதாகிறது, குழலும் மிஞ்சுகிறது. பின்னர் முறையாகக் கருவுற்றுக் குழந்தை பெற்றவர்கள் ஏராளம்.