ஒரு லீற்றர் ஒயிலில் தங்கியிருக்கும் குடும்பங்கள்

முச்சக்கர வண்டியொன்றின் எஞ்சின் பழுதடைவது, அதில் பயணம் செய்வோருக்கு ஒரு சிறு அசௌகரியம் மாத்திரமே. அடுத்த வண்டியை மறித்து ஏறிக்கொள்ளலாம். ஆனால், அதனைச் செலுத்தும் சாரதிக்கோ அன்றைய உழைப்பும் அந்த மாதத்துக்கான லீஸிங் தவணையும் பிள்ளைகளின் பாடசாலைச் செலவும் ஒரே நேரத்தில் நின்றுவிடுகின்றன. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டதையும், 2022 இல் ரூபாவின் பெறுமதி சில வாரங்களுக்குள் பெருமளவில் வீழ்ச்சியடைந்ததையும் தொடர்ந்து, பழைய வாகனத்தைக் கழித்துவிட்டுப் புதியதை வாங்குவது சாதாரண குடும்பங்களுக்கு எட்டாத காரியமாகிவிட்டது. 2025 பெப்ரவரியில் இறக்குமதிக்கு மீண்டும் வழிதிறந்த போதிலும், வரிகளும் விலையும் அந்த நிலைமையைப் பெரிதும் மாற்றிவிடவில்லை. எனவே, கையில் உள்ள எஞ்சினை எத்தனை காலத்துக்கு உயிரோடு வைத்திருக்கலாம் என்பதே இன்றைய கேள்வியாகும்.

இது கராஜ்காரர்களின் விவகாரம், ஆசிரிய பீடத்துக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். யாழ்ப்பாணத்திலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் புத்தளத்திலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு எரிவது இந்தச் சிறு எஞ்சின்களின் தயவிலேயே என்பதால், நாம் இதனைச் சற்று விரிவாகப் பேசவேண்டியுள்ளது.

முச்சக்கர வண்டியின் எஞ்சின் 200 கன சென்ரிமீற்றர் அளவிலான ஒற்றைச் சிலிண்டர் கொண்டது. பெரும்பாலானவற்றில் அதனைக் குளிர்விப்பதற்குத் தண்ணீர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோகத் தகடுகளின் மீது வீசும் காற்றும், உள்ளே சுழலும் ஒயிலுமே வெப்பத்தை வெளியேற்றுகின்றன. காரொன்றின் எஞ்சினில் மூன்று, நான்கு லீற்றர் ஒயில் இருக்கும். இதிலோ ஏறத்தாழ ஒரு லீற்றர்தான். அந்த ஒரு லீற்றரே உராய்வைக் குறைக்கவேண்டும், வெப்பத்தைச் சுமக்கவேண்டும், எரிபொருள் எரிந்த கசடுகளைத் தன்னில் ஏந்திக்கொள்ளவேண்டும், பிஸ்டன் வளையங்களுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலான நுண்ணிய இடைவெளியை அடைக்கவேண்டும். போதாக்குறைக்கு, கியர்ப் பற்களும் கிளட்ச் தகடுகளும் அதே ஒயிலிலேயே நனைந்து இயங்குகின்றன. காரின் ஒயிலுக்கு இல்லாத இந்த மேலதிகச் சுமையைப் பலரும் எண்ணிப்பார்ப்பதில்லை. இதில் 300 மில்லிலீற்றர் குறைந்தாலே மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள்.

ஒயிலை எப்போது மாற்றுவது என்பதைச் சாரதிகள் பொதுவாகக் கிலோமீற்றர் கணக்கில் தீர்மானிக்கின்றனர். கைநூலும் அவ்வாறே கூறுகிறது. ஆயினும், நகரத்து நெரிசலில் நின்றபடி இயங்கும் நேரத்தைக் கிலோமீற்றர்மானி பதிவதில்லை. வண்டி நகராத அந்த நேரத்தில் எஞ்சின் மட்டும் சூடாகிக்கொண்டிருக்கிறது. மறுபுறத்தில், அரைக் கிலோமீற்றர் ஓடி நிறுத்தி, பின்னர் மீண்டும் அரைக் கிலோமீற்றர் ஓடும் வண்டியில் ஒயில் போதிய அளவு சூடேறுவதே இல்லை. உள்ளே படியும் நீராவியும் எரியாத பெற்றோலும் ஆவியாகி வெளியேறாமல் ஒயிலிலேயே தங்கிச் சேறாகத் திரள்கின்றன. 2022 இல் எரிபொருள் வரிசைகளில் ஓரடி ஓரடியாக நகர்ந்த வண்டிகளும், கியூ.ஆர். முறையில் வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோலுடன் ஓடிய வண்டிகளும் குறைந்த தூரமே ஓடின. 'ஓடவேயில்லையே, ஒயில் எதற்கு?' என்று அப்போது கூறியவர்கள் பலர். அது தவறான கணக்கு. தூரம் குறைவாயினும் காலம் கடந்தால் ஒயில் மாற்றப்படவேண்டியதே.

ஒயிலின் நிறத்தைப் பற்றிய நம்பிக்கையும் ஆராயத்தக்கது. கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்பது முழு உண்மையன்று. கசடுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இரசாயனங்கள் நல்ல ஒயிலில் சேர்க்கப்பட்டிருப்பதால், அது தன் வேலையைச் செய்யும்போது கறுக்கவே செய்யும். மக்கள் 'லேண்ட் மாஸ்டர்' என அழைக்கும் இரு சில்லு உழவு இயந்திரத்தின் டீசல் எஞ்சினில் புதிய ஒயில் வெகுவிரைவில் கறுத்துவிடுவது வழமை. உண்மையில் அஞ்சவேண்டியது வேறு அறிகுறிகளுக்கே. ஒயில் மட்டம் வழமைக்கு மாறாகக் குறைவது ஒன்று. வண்டியின் பின்னால் நீலநிறப் புகை எழுவது மற்றொன்று. காலையில் இயக்கியதும் சிறிது நேரம் மட்டும் நீலப்புகை வந்து நின்றால், பெரும்பாலும் வால்வுகளின் ரப்பர் அடைப்பான்கள் தேய்ந்திருக்கும். பாரமேற்றி மேட்டில் ஏறும்போது விடாமல் வருமாயின் பிஸ்டன் வளையங்களைப் பார்க்கவேண்டும். கறுப்புப் புகை ஒயிலின் குற்றமன்று, பெற்றோல் அளவுக்கு மீறிச் செல்வதன் அடையாளம்.

புகை வந்ததும் தடித்த ஒயிலை ஊற்றும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. புகை சில நாட்களுக்குக் குறையும் என்பது மெய்தான். ஆனால், தடித்த ஒயில் காலையில் எஞ்சினின் மேற்பகுதியைச் சென்றடையத் தாமதிக்கிறது. எஞ்சினின் தேய்மானத்தில் கணிசமான பங்கு அந்த முதற் கணங்களிலேயே ஏற்படுகின்றது. வண்டியை விற்கப்போகிறவருக்கு இந்த உபாயம் உதவலாம், வைத்திருக்கப்போகிறவருக்கு உதவாது.

ஒயில் கொள்கலனில் காணப்படும் எழுத்துகளையும் சற்று நோக்கவேண்டும். '20டபிள்யூ-50' என்பதில் முதல் எண் குளிரில் ஒயில் பாயும் தன்மையையும், இரண்டாவது எண் எஞ்சின் சூடேறிய பின்னர் அதன் தடிப்பையும் குறிக்கும். கிளட்ச் ஒயிலில் நனைந்திருக்கும் வண்டிகளுக்கு அதனுடன் 'ஜாசோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்ற குறியீடும் அவசியமாகும். காருக்குரிய சில ஒயில்களில் உராய்வை மேலும் குறைக்கும் பொருட்கள் கலக்கப்பட்டுள்ளன. அவற்றை ஊற்றினால் கிளட்ச் தகடுகள் வழுக்கும். விலை கூடிய கார் ஒயிலை ஊற்றிவிட்டு, வண்டி இழுக்கவில்லையே என்று கவலைப்படுவோரை நாம் கண்டிருக்கிறோம்.

அதைவிடப் பெரிய ஆபத்து போலி ஒயில். பாவித்த ஒயிலை வடிகட்டி, புகழ்பெற்ற நிறுவனங்களின் வெற்றுக் கொள்கலன்களில் அடைத்து விற்கும் மோசடி புதியதன்று. விலை ஏற ஏற இந்த மோசடியின் இலாபமும் ஏறுகிறது. தெருவோரக் கடையில் சில நூறு ரூபா குறைவாகக் கிடைக்கும் ஒயில், பல்லாயிரம் ரூபா செலவிலான எஞ்சின் திருத்தத்தில் கொண்டுபோய் விடும். ஒயிலை மாற்றியதும் வெற்றுக் கொள்கலனைக் கத்தியால் கிழித்துவிடும் சாரதிகள் சிலரை நாம் அறிவோம். அவர்கள் தம்மையறியாமலே அடுத்தவரையும் காப்பாற்றுகின்றனர்.

தோட்டங்களுக்கு நீர் இறைக்கும் சிறு பம்பிகளின் கதை இன்னும் மோசமானது. பரவலாகப் பாவனையிலுள்ள ஐந்தரைக் குதிரைவலு எஞ்சினொன்றில் கொள்ளும் ஒயில் 600 மில்லிலீற்றர் அளவே. புதிய எஞ்சினில் முதல் 20 மணித்தியாலங்களின் பின்னரும், அதன்பின் 100 மணித்தியாலங்களுக்கு ஒரு தடவையும் மாற்றவேண்டும் என்கிறது கைநூல். நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலம் இறைக்கும் விவசாயிக்கு அது வெறும் 20 நாட்கள். ஒரு போகம் முழுவதும் ஒரே ஒயிலில் இறைப்பவர்கள் எத்தனை பேர்! மண்ணெண்ணெயில் இயக்கும்போது நிலைமை மேலும் மோசமாகும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஒயிலுடன் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். ஒயில் மட்டம் குறையாததுடன் சற்று உயர்ந்தும் காணப்படுமாயின் மகிழ வேண்டாம், முகர்ந்து பாருங்கள். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், சில துளி பெற்றோலில் இயக்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய யாழ்ப்பாணத்தவர்களுக்கு அந்த மணத்தை நாம் விளக்கவேண்டியதில்லை.

தூசியையும் இங்கு குறிப்பிடாமல் விட முடியாது. வன்னியின் கிரவல் வீதிகளில் ஓடும் வண்டியின் காற்று வடிகட்டி அடைபட்டோ கிழிந்தோ இருந்தால், உட்செல்லும் நுண்மணல் சிலிண்டரை அரத்தால் தேய்ப்பதுபோல் தேய்க்கும். எத்தனை முறை ஒயில் மாற்றினாலும் அந்தத் தேய்மானம் நிற்காது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளம் வாகனங்களையும் விட்டுவைக்கவில்லை. வெள்ளத்தில் மூழ்கிய வாகனத்தை, தண்ணீர் வடிந்ததும் உடனே இயக்கிப் பார்ப்பதே பலரும் செய்யும் தவறு. தண்ணீர் அமுக்கத்துக்கு இணங்காது. சிலிண்டருக்குள் அது நின்றால், பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். முதலில் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றவேண்டும். ஒயில் பால் தேநீரின் நிறத்தில் இருந்தால் முழுவதையும் வடித்து, புதிய ஒயிலூற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதனையும் வடித்து மீண்டும் மாற்றவேண்டும். இரண்டு லீற்றர் ஒயிலின் விலை எஞ்சினின் விலையன்று.

வடித்தெடுத்த கழிவு ஒயிலை வளவின் மூலையில் ஊற்றுவோரும், கறையானுக்கென மரங்களில் பூசுவோரும் உள்ளனர். தோலில் தொடர்ந்து படுமாயின் அது தீங்கு விளைவிக்கும். சுண்ணக்கல் நிலத்தில் ஊற்றப்படுவது கிணற்றை அடைய அதிக காலம் எடுக்காது. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்ரலில்தான் தீர்ப்புக் கிடைத்தது. மூடியுள்ள கலனொன்றில் சேர்த்துவைத்தால், கழிவு ஒயிலை விலைக்கு வாங்கிச் செல்வோர் கராஜ்களுக்கு வரும்போது அதனையும் கொடுத்துவிடலாம்.