பஞ்சபூதச் சமநிலை: யோகா யாருக்கு, எப்போது, எவ்வளவு?

"உடம்புல பஞ்சபூதம் சமநிலையில இல்லை, யோகா பண்ணுங்க, சரியாயிடும்." இந்த வார்த்தையை இப்போது எங்கு திரும்பினாலும் கேட்கிறோம். நல்ல வார்த்தைதான். ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் கேள்விகள் வரிசையாக வருகின்றன. எந்தப் பூதம் கூடியிருக்கிறது? அது எப்படித் தெரியும்? அதற்கு எந்தப் பயிற்சி? எவ்வளவு நேரம்? இந்தக் கேள்விகளோடு அஷ்டாங்க ஹ்ருதயம், சுஸ்ருத சம்ஹிதை, பதஞ்சலி யோக சூத்திரம், ஹட யோக பிரதீபிகை ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படித்தபோது எடுத்த குறிப்புகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குப் புரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நூல்களில் சமநிலை என்பது எல்லோருக்கும் பொதுவான ஒரு பயிற்சிப் பட்டியல் கிடையாது. இன்ன ஆளுக்கு, இன்ன பருவத்தில், இந்த அளவு என்றுதான் அவை பேசுகின்றன.

பூதம் என்றால் என்ன?

நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம். இவற்றை வெளியே தெரியும் மண்ணாகவும் தண்ணீராகவும் மட்டும் எடுத்துக்கொண்டால் ஆயுர்வேதம் புரியாது. ஆயுர்வேதம் பூதங்களைக் குணங்களை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. கனம், உறுதி, அசையாமை இருந்தால் நிலம். குளிர்ச்சி, நெகிழ்ச்சி, பசபசப்பு இருந்தால் நீர். சூடு, கூர்மை என்றால் தீ. வறட்சி, லேசு, அசைவு என்றால் காற்று. நுண்மையும் இடைவெளியும் ஆகாயம்.

வெண்பொங்கலில் நெய் மிதக்க மிதக்கச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் கண் சொக்குகிறது இல்லையா? அந்தக் கனமும் பசையும் நிலம், நீர் இரண்டின் குணங்கள். முறுக்கையும் பொரியையுமே நாள் முழுக்கக் கொறித்தால் வயிறு உப்பி, வாய் வறண்டு போகிறது. அது காற்றின் குணம். "வாயு பிடிச்சுக்கிச்சு", "பித்தம் தலைக்கேறிடுச்சு" என்று நம் வீடுகளில் சொல்வதும் இந்தக் கணக்கில்தான்.

ஐந்து எப்படி மூன்றானது?

மருத்துவர் ஐந்தையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. உடம்பில் வேலை செய்யும் மூன்று தோஷங்களாகப் பார்க்கிறார். காற்றும் ஆகாயமும் வாதம். தீ பித்தம். நீரும் நிலமும் கபம். இன்றைய புத்தகங்கள் பலவும் பித்தத்தைத் தீயும் நீரும் சேர்ந்தது என்று எழுதுகின்றன. அஷ்டாங்க சங்கிரகம் பித்தத்துக்குத் தீயை மட்டுமே சொல்கிறது. ஆனாலும் பித்தத்தின் குணங்களில் திரவத்தன்மையும் உண்டு என்பதால் அந்த விளக்கமும் ஆதாரமில்லாததல்ல.

இந்த மூன்றும் உடம்பு முழுக்க இருந்தாலும் முக்கிய இடங்கள் உண்டு. தொப்புளுக்குக் கீழே வாதம், தொப்புளுக்கும் இதயத்துக்கும் நடுவே பித்தம், இதயத்துக்கு மேலே கபம். காலக் கணக்கும் உண்டு. பகலின் தொடக்கத்தில் கபம், நடுவில் பித்தம், முடிவில் வாதம். இரவுக்கும் இதே வரிசை. வயதிலும் அப்படித்தான்: இளமையில் கபம், நடுவயதில் பித்தம், முதுமையில் வாதம். குழந்தைக்குச் சளி தொல்லை, நாற்பதில் நெஞ்செரிச்சல், எழுபதில் மூட்டுவலியும் தூக்கமின்மையும் என்று நம்மைச் சுற்றிப் பார்ப்பதோடு பொருத்திப் பாருங்க.

இதில் எல்லாவற்றையும் நடத்தும் விதி ஒன்றுதான். ஒத்த குணம் கூட்டும், எதிர்க் குணம் குறைக்கும். சமநிலைக்கான வழி முழுக்க இதில் அடங்கிவிடுகிறது. சூடு கூடியவருக்குக் குளிர்ச்சி, வறட்சி கூடியவருக்கு நெகிழ்ச்சி, மந்தம் கூடியவருக்கு அசைவு.

யோக நூல்கள் இதை ஏற்கின்றனவா?

யோகாவும் ஆயுர்வேதமும் ஒரே சாஸ்திரம் என்று சிலர் சொல்கிறார்கள். சம்பந்தமே இல்லை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். நூல்களைப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் நிற்கத் தோன்றுகிறது. யோகத்தின் குறிக்கோள் வேறு, மருத்துவத்தின் குறிக்கோள் வேறு. ஆனால் உடம்பைப் பற்றிப் பேசும்போது யோக நூல்கள் மருத்துவத்தின் மொழியைத்தான் கடன் வாங்குகின்றன. பதஞ்சலி மனதைச் சிதறடிக்கும் ஒன்பது தடைகளைச் சொல்லும்போது முதலில் வைப்பது நோயை. அதற்கு உரை எழுதிய வியாசர், தாது, ரசம், புலன் இவற்றின் சமநிலை குலைவதுதான் நோய் என்கிறார். இது அப்படியே ஆயுர்வேதத்தின் பேச்சு.

சுவாத்மாராமர் எழுதிய ஹட யோக பிரதீபிகைக்கு வந்தால் இன்னும் தெளிவாக இருக்கிறது. இது ஏறக்குறைய 15-ஆம் நூற்றாண்டு நூல். அதன் இரண்டாம் அத்தியாயம் சில மூச்சுப் பயிற்சிகளுக்குப் பலன் சொல்லும்போது தோஷத்தின் பெயரைச் சேர்த்தே சொல்கிறது. வலது மூக்கால் இழுக்கும் சூரிய பேதனம் வாதக் கோளாறுகளுக்கு. உஜ்ஜாயி தொண்டையிலுள்ள கபத்துக்கு. உடம்பின் தீயையும் வளர்க்கும். நாக்கைக் குழலாக்கி இழுக்கும் சீதளி பித்தம், காய்ச்சல், தாகம் இவற்றுக்கு. பஸ்திரிகை மூன்றுக்கும் பொது. ஆசனங்களிலும் மத்ஸ்யேந்திராசனமும் பஸ்சிமோத்தாசனமும் வயிற்றுத் தீயை மூட்டுபவை, சவாசனம் களைப்பைப் போக்குவது என்று பிரித்தே சொல்கிறது.

அதாவது எந்த மூச்சு சூடு, எந்த மூச்சு குளிர்ச்சி என்று அவர்களுக்கு ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

கபாலபாதி என்ற உதாரணம்

இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். இன்றைக்கு மிகவும் பரவியிருக்கும் பயிற்சிகளில் ஒன்று கபாலபாதி. வயிற்றை உள்ளே அடித்து அடித்து மூச்சை வேகமாக வெளியே தள்ளுவது. ஒரு சித்திரை மாதத்தில் நான் போன வகுப்பில் ஏறக்குறைய முப்பது பேர் இருந்தோம். கல்லூரிப் பெண், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர், நெஞ்செரிச்சல்காரர் என எல்லோருக்கும் ஒரே கட்டளை: நூறு தடவை. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நடுவில் ஒரு அம்மாவுக்குத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். "நச்சு வெளியேறுது, அப்படித்தான் இருக்கும்" என்று சொன்னார்கள்.

ஹட யோக பிரதீபிகை இதைப் பற்றி என்ன சொல்கிறது தெரியுமா? அங்கே கபாலபாதி பிராணாயாமமே கிடையாது. தௌதி, பஸ்தி, நேதி, திராடகம், நௌலி, கபாலபாதி என்ற ஆறு சுத்திகரிப்புச் செயல்களில் ஒன்று. கபக் கோளாறுகளை உலர்த்துவது அதன் வேலை. இந்த ஆறும் யாருக்கு? கொழுப்பும் கபமும் மிகுந்தவர்கள் பிராணாயாமத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை. தோஷங்கள் சமமாக இருப்பவர்கள் இவற்றைச் செய்ய வேண்டாம் என்று நூலே தடுக்கிறது. போதாததற்கு, பிராணாயாமம் ஒன்றே அழுக்கெல்லாவற்றையும் நீக்கும், வேறெதுவும் தேவையில்லை என்று கருதும் ஆசிரியர்களும் உண்டு என்று அதே அத்தியாயம் பதிவு செய்கிறது.

முறையாகச் செய்த பிராணாயாமம் நோயைத் தீர்க்கும், முறைகெட்டுச் செய்தால் நோயை உண்டாக்கும் என்றும் அது எச்சரிக்கிறது. விக்கல், மூச்சிரைப்பு, இருமல், தலைவலி, காதுவலி, கண்வலி என்று பட்டியலே போடுகிறது. ஆக, தலைசுற்றலை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளப் பழைய நூல் இடம் தரவில்லை. நிறுத்து, கவனி என்பதுதான் அதன் தொனி.

எவ்வளவு செய்வது?

இதற்கு மருத்துவ நூல்கள் அழகான அளவுகோல் வைத்திருக்கின்றன. உடற்பயிற்சியைப் பலத்தில் பாதி வரைதான் செய்ய வேண்டும். பாதி வந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூச்சு வாய் வழியாக வரத் தொடங்கினால் பாதி முடிந்தது என்கிறார் சுஸ்ருதர். வாக்படர் இன்னும் நுணுக்கம். பலமும் நெய்ப்பான உணவும் உள்ளவர்களுக்கே இந்தப் பாதி அளவு, அதுவும் குளிர்காலத்திலும் வசந்தத்திலும். மற்ற பருவங்களில் இன்னும் குறைவு. வாத, பித்த நோயுள்ளவர்கள், குழந்தைகள், முதியவர்கள், செரிமானம் ஆகாதவர்கள் தவிர்க்க வேண்டும். மிஞ்சிப்போனால் தாகம், இளைப்பு, ரத்தக்கசிவு, இருமல், காய்ச்சல், வாந்தி வரலாம் என்கிறார்.

இது ஆசனத்தைக் குறித்துச் சொன்னது அல்ல, பொதுவாக உடற்பயிற்சியைக் குறித்துச் சொன்னது. ஆனால் இன்று நாம் செய்யும் வேகமான சூரிய நமஸ்காரம் உடற்பயிற்சிதானே? அதற்கு இந்த அளவு பொருந்தும் என்பது என் எண்ணம்.

நடைமுறையில்

வாதத்துக்கு இந்த ஆசனம், பித்தத்துக்கு அந்த ஆசனம் என்ற நீண்ட அட்டவணைகள் பெரும்பாலும் இக்காலத்தில் உருவானவை. சரகரிடம் அப்படி எதுவும் கிடையாது. அதனால் தப்பென்று சொல்லவில்லை. குண விதியைப் பொருத்திப் பார்த்துச் சரியானதை எடுத்துக்கலாம். நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்:

தூக்கம் குறைந்து, மனம் அலைந்து, தோல் வறண்டு, மலச்சிக்கல் இருந்தால் காற்றின் குணம் கூடியிருக்கிறது. அங்கே வேகம் உதவாது. தினமும் ஒரே நேரம், மெதுவான அசைவு, கால் ஊன்றி நிற்கும் ஆசனங்கள், கடைசியில் நீண்ட சவாசனம்.

எரிச்சல், புளித்த ஏப்பம், சட்டென்று கோபம் என்றால் தீ. உச்சி வெயில் நேரமும் போட்டி மனப்பான்மையும் வேண்டாம். சீதளி, நிதானமான முன்வளைவுகள். சளியும் மூச்சிரைப்பும் இருப்பவர்களுக்குச் சீதளி ஏற்றதல்ல.

காலையில் எழ முடியாத கனம், மூக்கடைப்பு, சோம்பல் என்றால் நிலமும் நீரும். இவர்களுக்குத்தான் காலைச் சூரிய நமஸ்காரமும் கபாலபாதியும்.

ஒருவருக்கே ஐப்பசி மழையில் ஒன்றும் பங்குனி வெயிலில் இன்னொன்றும் தேவைப்படலாம். போன மாதம் ஒத்துக்கொண்டது இந்த மாதம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

இன்னொன்றையும் சொல்லியாகணும். வாதமும் பித்தமும் ரத்தப் பரிசோதனையில் அளக்கக்கூடியவை அல்ல. அவை நம்மை நாமே கவனிக்க உதவும் ஒரு மொழி. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அளக்கக்கூடியவை. அதற்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையைப் "பூதம் சமமாயிடுச்சு" என்று சொல்லி நிறுத்தக் கூடாது. கண் நீரழுத்தம் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களையும், கர்ப்பிணிகள், குடலிறக்கம், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கபாலபாதியையும் தவிர்ப்பது நல்லது.

அடுத்த முறை யாராவது உங்களுக்கு ஒரு பயிற்சியைச் சொன்னால், "எனக்கு ஏன் இது?" என்று ஒரு கேள்வி கேளுங்க. வயசு, தூக்கம், பசி, பருவம் இவற்றை விசாரித்துவிட்டு அவர் பதில் சொன்னால் அவரிடம் கற்றுக்கொள்ளலாம். எதுவும் விசாரிக்காமல் நூறு எண்ணச் சொன்னால், உங்க மூச்சு வாய்க்கு வரும்போது நீங்களே நிறுத்திக்குங்க.