திறவுகோல் யாரிடம்?

நம் கலாசாலை மாணாக்கருள் திறன்பேசி இல்லாதாரைக் காண்டல் அரிது. விலை கொடுத்து வாங்கினமையின் அதனை நமது உடைமை என்கிறோம். ஆயினும் அதனுள் எச்செயலியை ஏற்றலாம், எதனை ஏற்றலாகாது என்று விதிக்கும் அதிகாரம் யாருக்கு உரியது? இதனைச் சிறிது ஆராய்வோம்.

திறன்பேசிகளைப் பூட்டியவை, திறந்தவை என இருவகையாகப் பகுக்கலாம். முன்னதற்கு ஐபோன் உதாரணமாகும். ஆப்பிள் நிறுவனம் 2008-இல் தொடங்கிய செயலிக் கடையில் அந்நிறுவனம் பரிசோதித்து இசைந்தவையே இடம்பெறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வேறு கடைகளுக்கு வாயில் திறந்தது 2024-இல், அதுவும் சட்டத்தின் வற்புறுத்தலால். பின்னதற்கு ஆண்ட்ராய்டு உதாரணம். அதன் மூல நிரலை யாவரும் படிக்கலாம். திருத்தித் தமக்கேற்ப அமைத்தும் கொள்ளலாம்.

இவ்வேற்றுமை நம் தாய்மொழியையும் தொட்டது. பிறர் இயற்றிய விசைப்பலகையை ஆண்ட்ராய்டு 2009 முதலே ஏற்றது. ஐபோனோ 2014-இல்தான் ஏற்றது. அதுகாறும், தமிழ் விசைப்பலகை இயற்றவல்லார் ஒருவர் இருப்பினும், ஐபோனின் எல்லாச் செயலிகளிலும் அது வழங்குமாறு செய்ய அவருக்கு வழியில்லை.

ஆனால் பூட்டினால் நன்மையே இல்லையெனக் கூறுதல் நியாயமாகாது. மயிலாப்பூரில் ஓய்வூதியம் பெற்று வாழும் முதியவர் ஒருவருக்குத் திருமண அழைப்பிதழ் என்னும் பெயரால் வாட்ஸப்பில் ஒரு கோப்பு வருகிறது என்று கொள்வோம். அது வஞ்சகர் அனுப்பிய செயலி; அறியாது நிறுவினால் வங்கியின் ஓ.டி.பி. எண்களைக் கவர்ந்து அவரது சேமிப்பைச் சூறையாடும். இத்தகைய மோசடிகள் நம் நாட்டில் பல நிகழ்ந்துள்ளன. அம்முதியவருக்குப் பூட்டே காவல்.

மேலும், திறந்தது என்ற பெயராலேயே கட்டு நீங்கிவிடுவதில்லை. தன் செயலிகள் அனைத்தையும் ஒருசேர முன்பதிக்குமாறு திறன்பேசி செய்வோரைக் கட்டுப்படுத்தியமை முதலிய காரணங்களால், இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகிள் நிறுவனத்திற்கு 1337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது.

நிற்க. அடையாற்றை அடுத்துள்ள சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த ஒரு சிறு நிறுவனம், 2023 ஜனவரியில் பார் ஓஎஸ் என்னும் இயங்குதளத்தை வெளியிட்டது. ஆண்ட்ராய்டின் பொது மூல நிரலே அதற்கு அடிப்படை. அந்நிரல் பூட்டிக் கிடந்திருப்பின் இங்குள்ளார் அதனைத் தொடவும் இயலாது. வேண்டாத செயலிகள் எவையும் அதில் முன்பதிக்கப்படவில்லை. எனினும் விந்தை யாதெனின், மிக்க பாதுகாப்பு வேண்டும் நிறுவனங்களுக்கென அமைந்தமையின், சோதித்துத் தேர்ந்த செயலிகளை மாத்திரம் வழங்கும் தனிக் கடைகளை அது நாடுகிறது. திறந்த நிரலைக் கொண்டு புதியதொரு பூட்டைச் சமைத்தனர் என்னலாம், அதில் குற்றமில்லை. அந்தந்த நிறுவனம் தன் தேவையறிந்து தானே இட்டுக்கொள்ளும் பூட்டு அது.

இதனால் விளங்குவது யாது? வீட்டிற்குப் பூட்டு வேண்டும். திறவுகோல் வீட்டுக்காரனிடம் இருத்தலும் வேண்டும். முதியவர் பூட்டியே வைத்துக்கொள்ளட்டும்; நிரல் கற்கும் மாணாக்கன், அபாயம் உணர்ந்து, தன் கருவியைத் தானே திறந்து பார்க்கட்டும். தேர்வு உடையவரதாதல் வேண்டும்.

ஆதலின் அன்பர்காள், தியாகராய நகர்க் கடைகளில் திறன்பேசி வாங்கப் புகும்போது, விலையும் நிழற்படக் கருவியின் நயமும் விசாரிப்பதோடு அமையற்க. பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும், வேறு இயங்குதளம் ஏற்ற அதன் பூட்டைத் திறக்க இயலுமா, முன்பதித்த செயலிகளை நீக்கலாமா என்னும் மூன்றையும் கேண்மின். விடை கூறக் கடைக்காரர் தயங்கக்கூடும். கேட்போர் பலரானால் விடையளிப்போரும் உண்டாவர்.