கூறைச் சிவப்பும் பதினாறு அங்குலத் திரையும்

ரொறன்ரோப் பகுதியின் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வார இறுதி என்றால் கல்யாணம், சாமத்தியச் சடங்கு, அரங்கேற்றம் என்று ஏதாவதொரு தமிழ் விழா நடந்துகொண்டே இருக்கும். அங்கே படம் எடுப்பவர்களின் வேலை கமராவோடு முடிவதில்லை. காலையில் தாலி கட்டிய படங்களை மாலை வரவேற்பிலேயே பெரிய திரையில் ஓட்டிக் காட்டும்படி கேட்கிறார்கள். மறுநாளே பத்துப் படமாவது கைபேசிக்கு வந்துவிட வேண்டும் என்கிறார்கள். ஆகவே பெரிய திரையுள்ள மடிக்கணினி ரொறன்ரோப் படப்பிடிப்பாளருக்குத் தொழிற்கருவியாகிவிட்டது. அதை வாங்கப் போகிறவர் முதலில் எத்தனை அங்குலம் என்று பார்க்கிறார், அடுத்து எந்த ப்ராசசர் என்று பார்க்கிறார். திரை காட்டும் நிறத்தை நம்பலாமா என்ற கேள்வி கடைசியாக வருகிறது. பல நேரம் வருவதேயில்லை. இந்த வரிசை தலைகீழாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அங்குலக் கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். அங்குலம் என்பது திரையின் மூலைவிட்ட அளவு. அதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பழைய 17.3 அங்குலத் திரைகள் பெரும்பாலும் 16க்கு 9 என்ற விகிதத்தில் அமைந்தவை. இப்போது வரும் 16 அங்குலத் திரைகள் பல 16க்கு 10. கணக்குப் போட்டால் இரண்டின் உயரமும் ஒன்றுதான்: சுமார் 8.48 அங்குலம். கமராப் படத்தின் விகிதம் 3க்கு 2 என்பதால், முழுத்திரையில் படத்தின் அளவைத் தீர்மானிப்பது இந்த உயரமே. அதாவது மணப்பெண்ணின் படம் நெடுக்காக இருந்தாலும் கிடையாக இருந்தாலும் இரண்டு திரைகளிலும் ஒரே அளவில்தான் தெரியும். 17.3 அங்குலம் கூடுதலாகத் தருவது பக்கவாட்டில் கருவிப் பட்டிகளுக்கான இடம் மட்டுமே. அதற்கும் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சுமக்கும் எடைக்கு ஈடாகாது. புள்ளிகளின் அடர்த்தியும் பார்க்கத்தக்கது. 24 மெகாபிக்சல் படத்தை நூறு சதவீத அளவில் திறந்தால் 1920க்கு 1080 திரையில் அதன் பதினொன்றில் ஒரு பங்குகூடத் தெரியாது. 3456க்கு 2234 புள்ளிகள் கொண்ட 16 அங்குல மக்புக் ப்ரோவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தெரிந்துவிடும்.

இனி நிறம். மலிவான மடிக்கணினிகளின் விவரத்தாளில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று ஒரு வரி இருக்கும். வாங்குபவர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார். உண்மையில் இணையத்தின் பொது அளவுகோலான எஸ்ஆர்ஜிபி நிறப்பரப்பில் அந்தத் திரை எட்டுவது ஏறத்தாழ 60 சதவீதம்தான் என்று அதற்குப் பொருள். எட்டாமல் போகும் நிறங்களில் முக்கியமானது ஆழ்ந்த சிவப்பு. கூறைச்சேலையின் அரக்குச் சிவப்பு அந்தத் திரையில் மங்கி, செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடும். திருத்துபவர் சிவப்பு போதவில்லை என்று எண்ணி நிறச்செறிவைக் கூட்டுவார். கோப்பில் சிவப்பு உச்சவரம்பைத் தொட்டுவிடும். பட்டின் மடிப்பும் சரிகையின் இழையும் ஒரே சிவப்புப் பரப்பாகக் கரைந்துபோகும். தோலுக்கும் இதே கதிதான். மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் உயிர் தருவது சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையிலான நுண்ணிய வேறுபாடு. அதைக் காட்டாத திரையில் உட்கார்ந்தால் முகத்தை வெளுப்பாக்கித் தப்பிக்கத்தான் கை போகும். தமிழ்க் கல்யாண ஆல்பங்களில் வெளிறிய முகங்கள் இவ்வளவு இருப்பதற்கு வாடிக்கையாளரின் நிறமோகம் ஒரு காரணம். திரையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இது புதிய சிக்கல் அல்ல. மொன்றியல் கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தின் லோர்னா ரோத் 2009இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதன் முன்கதையைச் சொல்கிறது. வட அமெரிக்கப் பிரின்ட் கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்கப் பல தசாப்தங்களாகப் பயன்பட்டது வெள்ளைத்தோல் பெண்ணொருத்தியின் படம். 'ஷேர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக வந்தால் நிறம் சரி என்பது வழக்கம். கறுப்புப் பிள்ளைகளின் முகம் வகுப்புப் படத்தில் இருண்டு போனதாகத் தாய்மார் குறைப்பட்டிருக்கிறார்கள். ஆனால் கொடாக் நிறுவனத்தைப் பழுப்பு நிறங்களின் பக்கம் திரும்ப வைத்தவை சாக்லேட் நிறுவனங்களும் மரத்தளபாட நிறுவனங்களும் கொடுத்த முறைப்பாடுகள் என்கிறது அந்த ஆய்வு. அதே கொடாக்கின் கனடாத் தொழிற்சாலை ரொறன்ரோவின் மவுண்ட் டெனிஸ் பகுதியில்தான் 2005 வரை இயங்கியது. அந்தக் காலத்தில் நம் தோல் நிறத்தை வேறு யாரோ தீர்மானித்தார்கள். இன்று அந்த அதிகாரம் திருத்துபவரின் கையில் இருக்கிறது. அதைத் தரங்குறைந்த திரையிடம் ஒப்படைப்பது எனக்கு வருத்தமான செயலாகவே படுகிறது.

எல்லோரும் கைபேசியில்தானே பார்க்கிறார்கள், இத்தனை நுட்பம் எதற்கு என்று கேட்கலாம். கைபேசியில் பார்ப்பதால்தான் இது இன்னும் அவசியமாகிறது. ஐபோன்கள் 2016 முதல் எஸ்ஆர்ஜிபியை விட அகன்ற பி3 நிறப்பரப்பைக் காட்டுகின்றன. நல்ல அன்ட்ரொய்ட் கைபேசிகளும் அப்படியே. திருத்தியவர் தன் திரையில் காணாத பிழையை மணமகளின் மாமி கைபேசியில் கண்டுபிடித்துவிடுவார். வீட்டில் நல்ல மொனிட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு சிறிய மடிக்கணினியைத் தூக்கிச் செல்லலாமே என்பது இதைவிட வலுவான மறுப்பு. திருத்தும் வேலை முழுக்க வீட்டு மேசையில் நடக்கிறவருக்கு அதுதான் சரியான வழி. அவர் பெரிய மடிக்கணினி வாங்கவே தேவையில்லை. மண்டபத்தின் பின்னறையிலோ, ஊருக்குக் கல்யாணம் எடுக்கப் போன இடத்திலோ முடிவெடுக்க வேண்டியவருக்கு அந்த மொனிட்டர் உதவாது. அவருக்குத்தான் நல்ல 16 அங்குலம் வேண்டும்.

எடையும் சிந்திக்க வேண்டியது. ஸ்காபரோவின் ரயில் பாதை 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம் புரண்டதோடு மூடப்பட்டு, பேருந்தையே நம்ப வேண்டியதாகிவிட்டது. கமராப் பை, விளக்கு, ஸ்டாண்டு ஆகியவற்றோடு மூன்று கிலோவைத் தாண்டும் 18 அங்குல கேமிங் மடிக்கணினியையும் அதன் கனத்த சார்ஜரையும் சுமப்பது தோளுக்கு வீண் தண்டனை. 15 அங்குல மக்புக் எயர் ஒன்றரைக் கிலோ, அசூஸ் ப்ரோஆர்ட் பி16 சுமார் 1.85 கிலோ, 16 அங்குல மக்புக் ப்ரோ இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். மூன்றின் திரையும் பி3 பரப்பைக் காட்டுபவை. இவற்றில் எதை எடுத்தாலும் நிறத்தில் பெரிய குறை வராது. ப்ரோஆர்ட்டின் ஓலெட் திரையில் கறுப்பு மிக ஆழமாக இருக்கும், ஆனால் மண்டப விளக்கு அதில் பளிச்சென்று பிரதிபலிக்கும். நினைவகத்தைப் பிறகு கூட்ட முடியாத கணினிகளே இப்போது அதிகம் என்பதால் முதலிலேயே 32 ஜிபி வாங்கிவிடுவது நல்லது.

இவ்வளவுக்கும் பணம் எங்கே என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. ஒன்ராறியோவில் விலைக்கு மேல் 13 சதவீத வரியும் சேர்கிறது. என் விடை: ப்ராசசரில் ஒரு தலைமுறை பின்னுக்குப் போங்கள், திரையில் போகாதீர்கள். புதுப்பித்து விற்கப்படும் முந்தைய ஆண்டுக் கணினியில் அதே திரை கிடைக்கும். படம் ஏற்றுமதியாகச் சில நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். வாங்கியதோடு வேலை முடிவதில்லை: எவ்வளவு நல்ல திரையும் அளவீடு செய்யாவிட்டால் நாளடைவில் தவறாகக் காட்டும். முழுவதும் கூட்டிவைத்த 400, 500 நிட்ஸ் பிரகாசத்தில் திருத்திய படம் ஆல்பத்தில் இருண்டு வருவதில் வியப்பில்லை. அச்சுக்கான வேலைக்கு 80 முதல் 120 நிட்ஸ் போதும். திரையின் நிறத்தைத் தானாக மாற்றும் ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட் இரண்டையும் அணைத்துவிட்டு, நிறத்தை அளக்கும் கருவியான கலிபிரேட்டரைத் திரையில் வைத்து மாதம் ஒருமுறை அளக்க வேண்டும். அந்தக் கருவியை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. ஒரே வட்டத்தில் வேலை செய்யும் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒன்றை வாங்கி மாறி மாறிப் பயன்படுத்தலாம்.